பிரித்துப் பார்த்த மனிதர் – ஜி.டி. நாயுடு

(இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்)



ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று யூனியன் அண்ணன்மார் நம் வகுப்புக்கு வந்த அன்று, கவிதைக்குக் கை தூக்கியவர்கள் பதினாறு பேர். காதல் கவிதை வேண்டாம் என்று சொன்னதும் அது நான்காகக் குறைந்தது, அது வேறு கதை! தலைவர்கள் வரலாறு பகுதியில் காமராஜர், அப்துல் கலாம், நம்ம ஊர் வ.உ.சி. எல்லோரையும் சிவில்காரர்களும் எலக்ட்ரிக்கல்காரர்களும் முதல் ஐந்து நிமிஷத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் இருந்த நான் ஜி.டி. நாயுடு என்று சொன்னேன். மிச்சம் இருந்ததை எடுத்தான் என்று நண்பர்கள் கேலி பண்ணினார்கள். உண்மை அதுவல்ல. அப்போது எங்கள் வீட்டில் ஒரு பெரிய குழப்பம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழப்பத்தில் எனக்குக் கை கொடுத்தவர் அவர்தான்.

எங்கள் தாத்தா முத்துக்குளித்தவர். தூத்துக்குடிக் கடலில் 1961-ல் நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு. அதற்குப் பிறகு சங்கு குளித்தார், காது போனதும் கரையேறிவிட்டார். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம். டீசல் இன்ஜின் பூட்டியது. வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் எல்லோருக்கும் என் மேல் ஒரு நம்பிக்கை. எனக்குத்தான் என் மேல் இல்லை.

போன ஆடி மாதம் அந்த இன்ஜின் தகராறு பண்ண ஆரம்பித்தது. காலையில் ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்த பிறகுதான் ஸ்டார்ட் ஆகும். நீலப் புகை. இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஆயில் ஊற்ற வேண்டும். எதிர்காற்றில் கரைக்குத் திரும்ப முன்னைவிட ஒரு மணி நேரம் கூடுதல். ஒரு மெக்கானிக் பிரித்து வேலை பார்த்தால் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர், இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்றார். மீன் எடுக்கும் வியாபாரி ஒருவர் புது இன்ஜினுக்குப் பணம் தருகிறேன், பிடிக்கிற மீன் எல்லாம் எனக்கே போட வேண்டும் என்றார். அந்தக் கணக்கு எத்தனை வருஷம் ஓடும் என்பது எங்கள் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். அப்பா இரண்டு இரவு யோசித்துவிட்டு, இன்ஜின் படிக்கிற பிள்ளை நீ, நீயே ஒரு முடிவைச் சொல்லு என்று என் தலையில் போட்டுவிட்டார்.

தோழர்களே, எனக்கு டீசல் சைக்கிளின் படம் கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரியும். பரீட்சையில் பத்துக்கு ஒன்பது. ஆனால் புகை விடுகிற ஓர் இன்ஜின் முன்னால் நின்றால் எங்கே ஸ்பானரைப் போடுவது என்று தெரியாது. அந்த வெட்கத்தோடு நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது கண்ணில் பட்டது நாயுடு அவர்களைப் பற்றிய ஒரு பழைய புத்தகம்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் கோயம்புத்தூர் அருகே கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்னப் பிள்ளையிலேயே தாயை இழந்தார். படிப்பு ஏறவில்லை. ஆசிரியர் முகத்தில் மண்ணை அள்ளி வீசியதால் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்தது என்று சொல்வார்கள். (நம்மில் சிலர் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், துறைத் தலைவர் இந்த மலரைப் படிப்பார்!) பிறகு வயல் வேலை. கையில் கிடைத்த புத்தகங்களைத் தானாகவே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டார்.

நம்ம ஊர் வ.உ.சி. அவர்கள் 1908-லிருந்து 1910 வரை கோவைச் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்தபோது, அதே மாவட்டத்தில் இந்த நாயுடு அவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பையனாக மாடு ஓட்டிக்கொண்டிருந்திருப்பார். ஒருவர் கப்பல் ஓட்டி முடித்தவர். இன்னொருவர் இன்னும் எதையும் ஓட்டத் தொடங்காதவர். இதை நினைத்தபோது எனக்கு என்னமோ பண்ணியது.

ஒரு நாள் அவர் ஊருக்கு ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல், தானாக ஓடுகிற வண்டியை நாயுடு அவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாமாக இருந்தால் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டு மறந்திருப்போம். அவருக்குத் தூக்கம் போய்விட்டது. கோயம்புத்தூருக்குப் போய் ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். சுமார் மூன்று வருஷம் காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் செய்த முதல் காரியம் என்ன? ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டவில்லை. நட்டு நட்டாகக் கழற்றினார். முழு வண்டியையும் தரையில் பரப்பினார். எது எதோடு சேர்கிறது, எது சுற்றினால் எது நகர்கிறது என்று பார்த்தார். திரும்பப் பூட்டினார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, கையேட்டைப் படிக்க ஆங்கிலமும் இல்லை. மூன்று வருஷச் சம்பாத்தியம் தரையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. திரும்பச் சேரவில்லை என்றால்? அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் ரிப்பேரா, புதுசா என்று பேசிக்கொண்டே இருந்தோம். ஒருவரும் அந்த இன்ஜினைத் திறந்து பார்க்கவில்லை. புது இன்ஜின் வாங்கு என்று சொன்ன மெக்கானிக்கூடக் காதால் கேட்டுத்தான் சொன்னார்.

அவர் வாழ்க்கையில் எல்லாம் வெற்றி என்று நினைக்க வேண்டாம். திருப்பூரில் பருத்தி அரைக்கும் தொழிலில் இறங்கினார், முதல் உலகப் போர் சமயத்தில் நன்றாகச் சம்பாதித்தார். அதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் பருத்தி வியாபாரத்துக்குப் போனார், அங்கே மொத்தத்தையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார். கோயம்புத்தூரில் பெரிய தொழிலதிபராக இருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கடன் உதவி செய்ய, ஒரு பேருந்து வாங்கினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த ஒரே பேருந்து ஓட ஆரம்பித்தது. ஓட்டுநரும் அவரே.

இந்த இடத்தில் நம் ஊர் நினைவு வராமல் இருக்குமா? 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது முதலில் பம்பாயிலிருந்து கப்பலை வாடகைக்குத்தான் எடுத்தார். போட்டி வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்கடியில் கப்பல்காரர்கள் வாடகையை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் காலியா, லாவோ என்று சொந்தக் கப்பல்கள் வந்தன. அடுத்தவன் கப்பலை நம்பித் தொழில் பண்ண முடியாது என்பது நம் துறைமுகத்துக்கு ரொம்ப முன்னாலேயே தெரியும். எங்கள் வீட்டில் மீன் வியாபாரியின் பணம் வேண்டாம் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றதும் இதனால்தான், அம்மாவுக்கு வ.உ.சி. கதை முழுசாகத் தெரியாவிட்டாலும்.

நாயுடு அவர்களின் ஒரு பேருந்து சில வருஷத்தில் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. வண்டிகள் நேரத்துக்குக் கிளம்பின. அடுத்த பேருந்து எப்போது என்று நிலையத்திலேயே தெரியும்படி ஏற்பாடு. டிக்கெட் கொடுக்கவும் இயந்திரம். ஆனால் என்னை இழுத்தது வேறு விஷயம். அந்தக் காலத்தில் இன்ஜின் நம் நாட்டில் செய்யப்படவில்லை. புது இன்ஜின் என்றால் கப்பலில் வர வேண்டும். ஒரு ரிங் செட்டுக்குக்கூடச் சீமையைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். ரிப்பேரா புதுசா என்ற கேள்விக்கே அன்று பெரும்பாலும் இடம் கிடையாது, ரிப்பேர்தான். பேருந்துகளை ஓட விட்டது ஒர்க் ஷாப்தான். கோயம்புத்தூர் இன்று மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் வாங்கியிருக்கிறது என்றால், அதன் வேர் இப்படிப்பட்ட ரிப்பேர் பட்டறைகளில் இருக்கிறது. பஞ்சாலை எந்திரத்தைப் பழுது பார்த்தவர்கள், கிணற்று பம்பைப் பழுது பார்த்தவர்கள், பழுதான பாகத்தைப் போலவே ஒன்றை வார்த்துப் பார்த்தார்கள், பிறகு முழு எந்திரத்தையே செய்தார்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-ல் நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் சேர்ந்து, முழுக்க இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரைப் பீளமேட்டில் கொண்டுவந்தார்கள்.

சரி, எங்கள் இன்ஜினுக்கு வருகிறேன். முடிவை அப்புறம் சொல்கிறேன், முதலில் திறப்போம் என்று அப்பாவிடம் சொன்னேன். தெருவில் இருக்கிற மெக்கானிக் அண்ணன் ஒருவர் ஒத்துக்கொண்டார், எடுபிடி நான். கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. கம்ப்ரஷன் பார்த்தோம், குறைவு. சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தோம், ஏறியது. அப்படி ஏறினால் தேய்மானம் ரிங்கிலும் லைனரிலும். ஏறாமல் இருந்தால் வால்வில். இது பாடத்தில் இரண்டு வரி. கையில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஹெட்டைத் தூக்கினால், லைனரின் மேல்பகுதியில் விரல் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு விளிம்பு. மேல் ரிங் வந்து திரும்புகிற இடத்தில்தான் சூடும் அழுத்தமும் அதிகம், ஆயில் குறைவு. அதனால் லைனர் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேயும். பிஸ்டன் பக்கவாட்டில் தள்ளுவதால் வட்டமாக இருந்தது முட்டை வடிவத்துக்கும் போகும். லேத் பட்டறையில் டயல் கேஜ் விட்டு அளந்தோம். மேலே 0.32 மி.மீ., கீழே 0.08. லைனர் போச்சு. ஆனால் லைனர் போனால் இன்ஜின் போனதாக அர்த்தமில்லை. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றுவதற்கென்றே செய்தவை. கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு: கிராங்க் ஷாஃப்ட் எப்படி இருக்கிறது, பிளாக் எப்படி இருக்கிறது. கிராங்க்கை மைக்ரோமீட்டரில் நாலு பக்கமும் அளந்தோம், கோடு விழவில்லை, வட்டம் கெடவில்லை. பிளாக்தான் பயம். கடல் தண்ணீரையே உள்ளே விட்டுக் குளிர்விக்கிற இன்ஜின், உப்பு தின்றிருக்குமோ என்று நெஞ்சு அடித்தது. தண்ணீர்ப் பாதையை அடைத்து, அழுத்தம் கொடுத்து ஓர் இரவு விட்டுப் பார்த்தோம். கசிவு இல்லை.

செலவுக் கணக்குப் போட்டால் புது இன்ஜின் விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. பாதியைத் தாண்டினால் புதுசு வாங்கு என்பது பட்டறைகளில் பொதுவாகச் சொல்கிற கணக்கு. ஆனால் அப்பா அதை ஒத்துக்கொள்ளவில்லை. தரையில் பஸ் நின்றால் இறங்கித் தள்ளலாம், கடலில் யார் தள்ளுவது என்று கேட்டார். வள்ளத்தில் அவரோடு இன்னும் மூன்று பேர் போகிறார்கள். அதில் ஒருவர் என் சித்தப்பா. அந்தக் கேள்விக்கு என் நோட்டில் பதில் இல்லை. அதனால் பணத்தை மிச்சம் பிடிக்காமல் கூட இரண்டு வேலை சேர்த்துக்கொண்டோம்: நாசிலைச் சோதித்து மாற்றினோம், தண்ணீர் பம்பையும் புதிதாகப் போட்டோம். நடுக்கடலில் நிற்கிற இன்ஜின்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரிச் சின்னச் சாமான்களால்தான் நிற்கிறது என்றார் மெக்கானிக் அண்ணன்.

நாயுடு அவர்களின் கதையில் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட வருஷம் 1945. அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்கியது. அப்போதைய சென்னை கவர்னரின் பெயர் அது. நாட்டின் முதல் பாலிடெக்னிக் என்று அதைச் சொல்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவர் அதற்கு முதல்வர்! அதோடு பொறியியல் கல்லூரியும் வந்தது. அதுதான் இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஆனால் அவர் அங்கே ரொம்ப நாள் இருக்கவில்லை. நான்கு வருஷப் படிப்பு பையன்களின் காலத்தை வீணாக்குகிறது, ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கருத்து. அரசாங்கம் ஏற்கவில்லை, பதவியை விட்டுவிட்டார்.

இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. மூன்று வருஷ டிப்ளமோ படிக்கிற நமக்கு ஒரு வருஷம் குறைந்தால் சந்தோஷம்தான், ஃபீஸும் குறையும். ஆனால் வீட்டில் புத்தகமே இல்லாத என்னைப் போன்றவனுக்கு முதல் வருஷம் ஆங்கிலத்தைப் பிடிப்பதிலேயே போய்விட்டது. அவருடைய வேகம் அவருக்கு. ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இந்த ஒன்பது நாளில் அந்த இன்ஜினிடம் கற்றது, ஒரு செமஸ்டரில் கற்றதைவிடக் கூட.

இன்னொன்றிலும் எனக்கு அவரோடு வருத்தம் உண்டு. உலர் மின்கலத்தில் ஓடுகிற சின்ன மோட்டார் வைத்து முகம் மழிக்கும் ரேசர் செய்தார், ரேசன்ட் என்று பெயர். பழரசம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஏழைகள் வாங்கும் விலையில் ரேடியோ. 1952-ல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகிற கார் செய்ய முன்வந்தார். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை, கார் நின்றுபோனது. வரி விதிப்பும் கட்டுப்பாடும் அவருக்குத் தாங்க முடியாத கோபத்தைக் கொடுத்தன. 1950-களில் ஒரு நாள் ஊரைக் கூட்டி, தான் செய்த பொருட்களையே போட்டு உடைத்தார். கண்டனம் தெரிவிக்கும் முறை அது. அவர் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் 300 ரூபாய் வண்டியை ஒரு நட்டுகூடத் தொலையாமல் திரும்பப் பூட்டிய கை, செய்த ரேடியோவை உடைத்தது என்று படித்தபோது மனசு ஒப்பவில்லை. அந்தப் பக்கத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வலையைத்தான் பின்னிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, ரேடியோவில் எத்தனை உடைத்தார் என்று மட்டும் கேட்டார்.

நாயுடு அவர்கள் 1974 ஜனவரி 4-ல் காலமானார். கோயம்புத்தூரில் அவிநாசி சாலையில் அவர் பெயரில் கண்காட்சி இருக்கிறது. பக்கத்திலேயே பழைய கார்களைச் சேகரித்து வைத்த ஜீடி கார் அருங்காட்சியகமும் இருக்கிறது. அதே சாலையில் 2025 அக்டோபரில் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

எங்கள் இன்ஜின்? ஒன்பதாம் நாள் மாலை பூட்டி முடித்தோம். இரண்டு போல்ட் மிச்சம் இருந்தது. எனக்கு வயிறு கலங்கியது. அவை வேறு இன்ஜினுடையவை என்று மெக்கானிக் அண்ணன் சிரித்த பிறகுதான் மூச்சு வந்தது. ஹாண்டிலை நான்தான் சுற்றினேன், மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. புது ரிங் உட்காருகிற வரைக்கும் பாரம் ஏற்றாமல் கரையோரமாகவே ஓட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தோம். ஒரு வாரம் அப்பா பொறுத்துப் பொறுத்து ஓட்டினார். இப்போது நீலப் புகை இல்லை. காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை வருகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. அதையும் கவனித்து நோட்டில் எழுதிவருகிறேன். ஆயில் எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் என்று அப்பா சொல்லச் சொல்ல என் தங்கச்சி எழுதுகிறாள். அடுத்த வருஷம் இதே ஆடியில் அந்த நோட்டை வைத்துத் திரும்பப் பேசுவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் வாரா வாரம் ஒரு தொகை தனியாக எடுத்து வைக்கிறோம், புது இன்ஜினுக்கு. வியாபாரியிடம் கை நீட்டாத புது இன்ஜின்.

கடைசியாக யூனியன் நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். இந்த வருஷம் ஐ.வி. கோயம்புத்தூருக்கு என்று பேச்சு அடிபடுகிறது. ஊட்டிக்கு ஒரு நாள், பஞ்சாலைக்கு அரை நாள் என்று திட்டம் போட்டிருப்பதாகக் கேள்வி. மீதி அரை நாளை அவிநாசி சாலைக்கு ஒதுக்குங்கள் அண்ணன்மாரே. பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டுகூட வேண்டாம்.